பல்கலைக்கழகமும் பக்கத்து ஊரும் பசுமையாக: புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மரக்கன்று நடும் விழாவோடு தொடங்கி, அந்த விழாவோடே முடிந்துபோன பசுமைக் குழுக்கள் எத்தனையோ. நட்டவர்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்பு முடிந்து அவர்கள் போய்விடுகிறார்கள். கன்றுக்குத் தண்ணீர் விடுவது யார் வேலை என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

ஒரு பல்கலைக்கழகத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊரையும் மாற்ற நினைப்பவர் மாணவராக இருக்கலாம், பேராசிரியராக இருக்கலாம், அலுவலராகவோ பக்கத்துத் தெருவில் குடியிருப்பவராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் முதலிலேயே மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் தொடங்கும் வேலை கடைசியில் பட்ஜெட்டில் ஒரு வரியாகவோ, டெண்டரில் ஒரு நிபந்தனையாகவோ, சம்பளம் வாங்கும் ஒருவரின் கடமையாகவோ ஆக வேண்டும். ஆகாவிட்டால் நீங்கள் போன மறுமாதமே அதுவும் போய்விடும். கீழே உள்ள படிகளை இந்த ஒரே எண்ணத்தில்தான் அடுக்கியிருக்கிறேன்.

முதல் படி: சாவி வைத்திருப்பவர்களிடம் போங்கள்

பெரும்பாலானவர்கள் நேராகத் துணைவேந்தருக்கு மனு எழுதுகிறார்கள். அதற்கு முன் பராமரிப்புப் பிரிவுக்குப் போங்கள். மின்பணியாளர், தண்ணீர்த் தொட்டியைக் கவனிப்பவர், விடுதிக் காப்பாளர், உணவகத்தின் தலைமைச் சமையலர், ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர், இரவுக் காவலர், கொள்முதல் பிரிவு எழுத்தர் ஆகியோருக்குத்தான் வளாகம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். எந்தக் கட்டடத்தில் விளக்கு விடிய விடிய எரிகிறது, எந்தக் குழாய் பல மாதமாக ஒழுகுகிறது, எந்த ஏசியை அணைக்கவே வழியில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

போகும்போது கோரிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "உங்கள் வேலையில் எது வீணாகப் போவதாக நினைக்கிறீர்கள்? அதைச் சரிசெய்ய எது தடையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரும் பதில்களை எழுதி வைத்தாலே முதல் ஆண்டுக்கான வேலைப் பட்டியல் கிடைத்துவிடும். அவர்கள் சொன்ன யோசனை நிறைவேறும்போது அவர்கள் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். பல ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவந்ததை யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்ததாக, உங்கள் நிறுவனம் ஏற்கெனவே எதிலாவது கையெழுத்திட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 1990இல் பிரான்சின் தலுவார் என்ற ஊரில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ழான் மேயர் கூட்டிய மாநாட்டில் பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்ச அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறுப்பைக் கல்வியிலும் ஆய்விலும் நிர்வாகத்திலும் கொண்டுவருவோம் என்ற அந்த உறுதிமொழியில் பிறகு பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. உங்கள் பல்கலைக்கழகமும் அதிலோ அதுபோன்ற வேறொன்றிலோ இருந்தால், நிர்வாகத்திடம் புதிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. கொடுத்த வாக்கை எப்போது நிறைவேற்றப் போகிறோம் என்று கேட்டாலே போதும்.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள், ஆனால் அதிலேயே மூழ்கிவிடாதீர்கள்

புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைக் கணக்கிட உலகெங்கும் புழங்கும் முறை ஜிஎச்ஜி புரோட்டோகால். 2001இல் முதலில் வெளியான அது உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. முதல் வட்டம் வளாகத்திலேயே எரிப்பதும் கசிவதும்: ஜெனரேட்டர் டீசல், சமையல் எரிவாயு, சொந்த வாகனங்கள், ஏசியிலிருந்து கசியும் குளிரூட்டி வாயு. இரண்டாவது, விலைக்கு வாங்கும் மின்சாரம். மற்றதெல்லாம் மூன்றாவது: மாணவரும் ஊழியரும் வந்துபோகும் பயணம், மாநாடுகளுக்கான விமானப் பயணம், வாங்கும் பொருள்கள், கட்டும் கட்டடங்களின் சிமென்ட்டும் இரும்பும், குப்பை.

முதல் இரண்டையும் ஒரு மாதத்துக்குள் கணக்கிட்டுவிடலாம். கடைசி மூன்று ஆண்டு மின்கட்டண ரசீதுகளும் எரிபொருள் கணக்கும் போதும். ஒவ்வோர் அளவையும் உங்கள் நாட்டு அரசு வெளியிடும் உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட் மின்சாரமோ ஒரு லிட்டர் டீசலோ எத்தனை கிலோ கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்ற எண்) பெருக்கினால் விடை வந்துவிடும். குளிரூட்டி வாயுவைப் பலரும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். ஆண்டுக்கு எத்தனை கிலோ வாயு நிரப்பினார்கள் என்று ஏசி பராமரிப்பு ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். நிரப்பிய அளவுதான் கசிந்த அளவு.

மூன்றாவது வட்டம்தான் பெரும்பாலும் மிகப் பெரியது, பிடிபடுவதும் கடினம். அதைத் துல்லியமாகக் கணக்கிடப் போய் இரண்டு ஆண்டுகளைச் செலவழித்துவிட்டு, ஒரு விளக்கைக்கூட அணைக்காத குழுக்கள் உண்டு. பயணத்துக்கு ஒரு சிறு கணக்கெடுப்பு, கொள்முதலுக்குச் செலவுப் பட்டியலை வைத்து ஒரு தோராயக் கணக்கு, இவ்வளவு போதும். எந்த இடத்தில் ஊகித்தீர்கள் என்பதை எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டரைப் பார்ப்பதைவிடக் கண்திறக்க வைக்கும் ஒரு வேலை இரவு நடை. விடுமுறை நாள் ஒன்றில், நள்ளிரவுக்குப் பின், அனுமதி வாங்கிக்கொண்டு மின்பணியாளரோடும் காவலரோடும் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். அந்த நேரத்தில் யாரும் வேலை செய்யவில்லை. ஆனாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஓயாமல் ஓடும் ஒவ்வொரு கிலோவாட்டும் ஆண்டுக்கு 8,760 யூனிட்டைத் தின்கிறது. அந்த நள்ளிரவுச் சுமையில் 50 கிலோவாட்டைக் குறைத்தால் 4,38,000 யூனிட் மிச்சம். நிதி அலுவலரிடம் உங்கள் ஊர்க் கட்டணத்தில் இதைப் பெருக்கிக் காட்டுங்கள். பருவநிலை பற்றி நீங்கள் ஆற்றும் எந்த உரையையும் விட அந்தத் தொகை வேகமாகக் காரியம் நடத்தும்.

மூன்றாம் படி: முதலில் ஆய்வகங்கள், பிறகு வகுப்பறைகள்

விளக்கை எல்இடியாக மாற்றுவது, ஏசியை வகுப்பு அட்டவணைப்படி தானாக அணைய வைப்பது, ஒழுகும் குழாயை அடைப்பது இவையெல்லாம் தெரிந்தவைதான். செய்யுங்கள். ஆனால் அறிவியல் துறைகள் உள்ள பல்கலைக்கழகம் என்றால் பெரும் பசி ஆய்வகங்களுக்குத்தான்.

ஃபியூம் ஹூட் என்னும் நச்சுப்புகை உறிஞ்சு பெட்டியை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அது அறையின் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே போகும் அந்தக் காற்று, பணம் கொடுத்துக் குளிரவைத்த அல்லது சூடாக்கிய காற்று. ஒரு பெட்டி ஆண்டுக்குத் தின்னும் ஆற்றல் மூன்றரை அமெரிக்க வீடுகளின் செலவுக்குச் சமம் என்று லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வேலை முடிந்ததும் அதன் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுவது மிச்சத்துக்கு வழி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்றின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வகைப் பெட்டியில்தான் கதவை மூடினால் ஆற்றல் மிச்சமாகும். எப்போதும் ஒரே அளவு காற்றை இழுக்கும் பழைய வகையில் பாதுகாப்புக்காக மூட வேண்டுமே தவிர மின்செலவு அவ்வளவாகக் குறையாது. உங்களிடம் எந்த வகை இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் "கதவை மூடுங்கள்" சுவரொட்டி ஒட்டாதீர்கள்.

அடுத்தது ஆய்வு மாதிரிகளை உறைய வைத்துக் காக்கும் ஆழ்உறை ஃப்ரீசர்கள். பழக்கத்தின் காரணமாக அவற்றை மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள். மைனஸ் 70இல் வைத்தால் மின்செலவு சுமார் 30 சதவீதம் குறையும், இயந்திரமும் கூடுதல் காலம் உழைக்கும். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் பசுமை ஆய்வகத் திட்டத்தினர், எந்தெந்த மாதிரிகள் மைனஸ் 70இல் நீண்டகாலமாகப் பத்திரமாக இருக்கின்றன என்று ஆய்வாளர்களிடமிருந்தே தகவல் திரட்டிப் பட்டியலிட்டிருக்கிறார்கள். ஆய்வாளரின் பயம் நியாயமானது. அவருடைய பல ஆண்டு உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். புதிதாக வாங்கும் ஃப்ரீசர்களில் தொடங்குங்கள். யாருக்கும் சொந்தமில்லாத பழைய மாதிரிகளை அகற்றி, இரண்டு பெட்டியில் இருப்பதை ஒன்றில் அடக்க உதவுங்கள்.

இப்படி மிச்சமாகும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். இதற்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கிய பசுமைக் கடன் நிதி நல்ல முன்மாதிரி. ஒரு துறை அந்த நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் வாங்கி விளக்கையோ மோட்டாரையோ மாற்றுகிறது. குறைந்த மின்கட்டணத்திலிருந்து கடனைத் திருப்பிக் கட்டுகிறது. அந்தப் பணம் அடுத்த துறைக்குப் போகிறது. சிறு தொகையில் தொடங்கலாம். ஒருமுறை செனட்டிலோ ஆட்சிக்குழுவிலோ இதற்குத் தீர்மானம் வாங்கிவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் கையேந்த வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பெரிய திட்டங்களும் இந்த வழியில் பழகியவர்களுக்கே கைகூடும். ஸ்டான்ஃபோர்டு 2015இல் தன் எரிவாயு ஆலையைக் கைவிட்டு, கட்டடங்களைக் குளிர்விக்கும்போது வெளியாகும் வெப்பத்தைப் பிடித்து வெந்நீராக மற்ற கட்டடங்களுக்கே அனுப்பும் ஏற்பாட்டுக்கு மாறியது. அதைப் பார்த்து முதல் ஆண்டிலேயே மலைக்க வேண்டாம்.

நான்காம் படி: தடை போடுமுன் யோசியுங்கள்

வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2013இல் வளாகத்தில் பாட்டில் தண்ணீர் விற்பதை நிறுத்தியது. நல்ல நோக்கம்தான். ஆனால் அங்கு நடந்த ஆய்வு 2015இல் வெளியானபோது, வளாகத்துக்கு வந்த பாட்டில்களின் எண்ணிக்கை குறையாமல் கூடியிருந்தது தெரிந்தது. பாட்டில் தண்ணீர் கிடைக்காதவர்கள் சர்க்கரை பானங்களை வாங்கியிருந்தார்கள். தாகத்துக்கு எளிதான மாற்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் தடை வேலை செய்யும். முதலில் ஒவ்வொரு தளத்திலும் சுத்தமான குடிநீர்க் குழாய், அந்த நீரின் பரிசோதனை முடிவு குழாயருகிலேயே தெரியும்படி. பாட்டிலைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இதற்கு நேர்மாறான அனுபவம் கேம்பிரிட்ஜுடையது. அதன் மைய உணவகப் பிரிவு 2016 முதல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பெரிய முழக்கம் எதுவும் எழுப்பவில்லை. சமையலர்களுக்குத் தாவர உணவுகளைச் சுவையாகச் சமைக்கப் பயிற்சி கொடுத்தார்கள், அவற்றை முன்வரிசையில் வைத்தார்கள். வாங்கிய உணவில் கிலோவுக்கான கரிம உமிழ்வு 33 சதவீதம் குறைந்தது. விற்பனையும் விழவில்லை. வேலை முழுதும் சமையலறையில் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

உணவு வீணாவதற்கு எளிய வைத்தியம் தராசு. தட்டில் மிஞ்சியதை ஒரு வாரம் எடைபோட்டு, எந்தப் பண்டம் அதிகம் மிஞ்சுகிறது என்று சமையலறைக்குச் சொல்லுங்கள். சாப்பிடுபவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள். பரிமாறும் கரண்டியைச் சிறிதாக்குவதும், இன்னொரு முறை வாங்கிக்கொள்ளத் தயங்கத் தேவையில்லை என்று சொல்வதும் அதைவிடப் பலன் தரும்.

ஐந்தாம் படி: வந்துபோகும் வழி

இலவச வாகன நிறுத்துமிடம் உண்மையில் இலவசமில்லை. நிலமும் தரை போட்ட செலவும் நடந்து வருபவர் பணத்திலிருந்தும் போகிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991இல் மாணவருக்கும் ஊழியருக்கும் பொதுவான பேருந்து அட்டையைக் கொண்டுவந்தது. கூடவே வாகன நிறுத்தக் கட்டணத்தை உயர்த்தி, அந்த வருமானத்தில் ஒரு பகுதியைப் பேருந்துச் சலுகைக்குத் திருப்பியது. இரண்டையும் சேர்த்துச் செய்ததில்தான் சூட்சுமம். கட்டணத்தை மட்டும் உயர்த்தினால் கோபம்தான் மிஞ்சும்.

போக்குவரத்து நிறுவனத்தோடு பேச்சு நடக்கும்போது ஊர் மக்களின் நேரத்தையும் கேட்டுச் சேருங்கள். மாலை வகுப்பு முடியும் நேரத்தில் பேருந்து வந்தால், கடையடைத்துவிட்டு வீடு திரும்புபவருக்கும் அது உதவும்.

ஆறாம் படி: மதிலுக்கு வெளியே

பல குழுக்கள் இந்தப் படிக்கு வரும்போது "விழிப்புணர்வு முகாம்" நடத்தப் போகின்றன. பக்கத்தில் வாழ்பவர்களுக்கு விழிப்புணர்வு குறைவு என்று நாமாக முடிவு கட்டுவது மரியாதையில்லை. பல்கலைக்கழகத்தின் கழிவுநீர் எங்கே போகிறது, அதன் ஆழ்துளைக் கிணறுகளால் யார் வீட்டுக் கிணறு வற்றியது, மாணவர்கள் வரவால் வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது, ஆண்டு இறுதியில் விடுதி காலியாகும்போது தெருமுனையில் குவியும் மெத்தைகளையும் நாற்காலிகளையும் யார் அள்ளுகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் கூட்டத்தை அவர்கள் இடத்தில், அவர்கள் வேலை முடிந்த நேரத்தில் வையுங்கள். பேசுவதைக் குறைத்துக் குறிப்பெடுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தக் குறைகளில் ஒன்றையாவது தீர்த்துவிட்டுப் போங்கள்.

மெத்தைகளிலிருந்தே தொடங்கலாம். நியூ ஹாம்ப்ஷர் பல்கலைக்கழக மாணவர்கள் 2011இல், விடுதியை விட்டுப் போவோர் எறியும் பொருள்களைச் சேகரித்து வைத்து, புதிதாக வருவோருக்குக் குறைந்த விலையில் விற்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். விற்ற பணத்திலேயே அடுத்த ஆண்டு வேலை நடந்தது. இதற்கு வேண்டியது மூன்று மாதம் பொருள்களை வைக்க ஈரமில்லாத ஓர் இடம். அதைக் கேட்டு வாங்குவதுதான் உங்கள் பெரிய வேலையாக இருக்கும். விற்பனை நாளன்று ஊர் மக்களுக்கும் கதவு திறந்திருக்கட்டும்.

அறிவைப் பகிர்வதற்கும் நல்ல வழிகள் உண்டு. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் "அறிவியல் கடைகள்" தோன்றின. ஆய்வுக்குப் பணம் செலவழிக்க முடியாத குடியிருப்போர் சங்கமோ தொழிலாளர் குழுவோ ஒரு கேள்வியோடு வரலாம்: எங்கள் தெருக் காற்றில் என்ன கலந்திருக்கிறது? இந்த மண்ணில் காய்கறி விளைவிக்கலாமா? மாணவர்கள் ஆசிரியர் வழிகாட்டலில் அதை ஆராய்ந்து விடை தருவார்கள். கேள்வி ஊருடையது என்பதுதான் இதன் உயிர்.

ஒரேகன் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய திட்டம் இதையே பெரிய அளவில் செய்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டும் ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்து, பல துறைகளின் வகுப்புகள் அந்த நகராட்சி கேட்ட சிக்கல்களையே பாடப்பணியாக எடுத்துக்கொள்கின்றன. கட்டடக்கலை மாணவர் நூலகத்தை வரைய, சட்ட மாணவர் விதிமுறையைப் படிக்க, திட்டமிடல் மாணவர் சைக்கிள் பாதையை அளக்கிறார். உங்கள் துறையில் இறுதியாண்டு ஆய்வு எழுதுபவர்கள் இருந்தால், இவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமலே ஊராட்சியோ நகராட்சியோ தரும் ஐந்து தலைப்புகளைத் தலைப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் விட ஆழமாகப் போவது கொள்முதல். ஒரு பல்கலைக்கழகம் ஊரை விட்டு இடம் பெயர்வதில்லை. அது ஆண்டுதோறும் செலவழிக்கும் பணம் எங்கே போகிறது என்பது சுற்றியுள்ளவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும். கிளீவ்லாந்து நகரில் 2008இல் உருவான எவர்கிரீன் கூட்டுறவுகள் இந்த எண்ணத்தில் பிறந்தவை. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தையும் பெரிய மருத்துவமனைகளையும் சுற்றியிருந்த வறிய பகுதிகளில், தொழிலாளர்களே உடைமையாளர்களாக இருக்கும் சலவையகம், ஆற்றல் சிக்கன நிறுவனம், பசுங்குடில் கீரைப் பண்ணை ஆகியவை அமைந்தன. நீரையும் சக்தியையும் குறைவாகச் செலவழிக்கும் சலவை, பக்கத்திலேயே வேலை, இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில். உங்கள் கொள்முதல் பிரிவில் கேட்க வேண்டியது எளியது: பெரிய டெண்டரைச் சிறு துண்டுகளாகப் பிரிக்க முடியுமா? உள்ளூர்க் குழுக்களால் கட்ட முடியாத முன்வைப்புத் தொகையைக் குறைக்க முடியுமா? அவர்களுக்குப் பணத்தை விரைவில் கொடுக்க முடியுமா?

நல்லதாகத் தோன்றும் திட்டமும் ஊரைக் கேட்டே நடக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகம் 2000 முதல் கயூகா ஏரியின் ஆழத்துக் குளிர்நீரின் உதவியால் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. குளிர்விக்கத் தேவைப்பட்ட மின்சாரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கும் அதே குளிர்ச்சி போகிறது. என்றாலும் ஏரி என்னாகும் என்று அங்குள்ளவர்கள் கேள்வி எழுப்பினார்கள். அவர்கள் கேட்டது சரி. ஏரி எல்லோருக்கும் சொந்தம்.

ஏழாம் படி: அறிக்கையும் ஒப்படைப்பும்

தரவரிசைகளும் மதிப்பீட்டு முறைகளும் பல உள்ளன. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் ஒன்று. வட அமெரிக்காவில் அதிகம் புழங்கும் ஸ்டார்ஸ் இன்னொன்று. எதை அளக்க மறந்தோம் என்று பார்க்க இவற்றின் கேள்விப் பட்டியல்கள் உதவும். மதிப்பெண்ணுக்காகவே வேலை செய்யத் தொடங்கினால் அறிக்கை எழுதுவதே வேலையாகிவிடும். வேறிடத்தில் உமிழ்வைக் குறைப்பவர்களுக்குப் பணம் கொடுத்து, கார்பன் ஈட்டுச் சான்றிதழ் வாங்கிக் கணக்கைச் சமன் செய்வது கடைசியில் வர வேண்டியது. அதற்குச் செலவாகும் பணத்தில் எத்தனை ஒழுகும் குழாய்களை அடைக்கலாம் என்று முதலில் பாருங்கள்.

கல்வியாண்டு முடியும் முன், புதியவர்களுக்காக ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். மின், நீர் எண்கள் எந்த அலுவலகத்தில், யாருடைய பதவிக்குக் கீழ் கிடைக்கும்; எந்தத் தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது; எந்த ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும்; எந்த முயற்சி எதனால் நின்றது; ஊர்க் கூட்டத்தில் நாம் கொடுத்த வாக்குகளில் எவை இன்னும் பாக்கி. ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதிகளை மட்டும் தனித்தாளில் எழுதி, கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். சலவை, உணவகம், ஏசி பராமரிப்பு, குப்பை அகற்றல் ஒவ்வொன்றிலும் நிபந்தனையை மாற்றும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே கொள்முதல் பிரிவில் போய் உட்கார வேண்டும். கோப்பின் ஒரு படியை நூலகத்திலும், ஒரு படியைப் பராமரிப்புப் பிரிவிலும், இன்னொன்றைக் குடியிருப்போர் சங்கத்திலும் கொடுத்து வையுங்கள்.